அலமாரிக்குள் பாடியவை

துபாய் ஓட்டல்களில் விடுமுறை நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பாடுகிறவர்கள் கைதட்டலை நம்புவதில்லை. சாப்பிட வந்தவர்கள் பாட்டு முடிந்தாலும் தட்டுவார்கள், பிறந்தநாள் கேக் வந்தாலும் தட்டுவார்கள். நாங்கள் பார்த்தது ஃபோர்க்கை. பாடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர், ஒரே ஒருவர், வாய்க்குக் கொண்டுபோன ஃபோர்க்கைத் தட்டில் வைத்துவிட்டால் அன்றைக்குப் பாட்டு ஜெயித்தது என்று அர்த்தம். கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார், "விழுந்துச்சு தங்கச்சி." அதற்காகவே அடுத்த வாரம்வரை காத்திருப்பேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். முதலில் குவைத்துக்குத்தான் வந்தேன், ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்கு. அங்கே அப்பாசியா பகுதியில் நர்ஸ் பெண்களோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தேன். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் எகிப்துக்காரர். காலையும் மாலையும் ஒரே இங்கிலீஷ் எஃப்.எம். வைப்பார். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் ஜன்னலில் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவேன். அதற்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று பெயர் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பெண்கள் ஒரே சொல்லை விடாமல் இழுத்து, வளைத்து, மூச்சு தீருகிற இடத்தில் உடைத்தார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டில் பெண்கள் அழும்போது கேட்ட அதே உடைப்பு. ஆனால் இவர்கள் அந்த உடைப்புக்குத் தாளம் போட்டார்கள், இடுப்பை ஆட்ட வைத்தார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலே பாட்டுப் பாட்டாக மனப்பாடம் செய்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு துபாய். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். எனக்கு ஒரு ஸ்கூல் பஸ்ஸில் ஆயா வேலை. கராமா பகுதியில், பெரிய ஃப்ளாட்டைத் தடுத்த ஒரு ரூமில் குடித்தனம். தமிழ்ப் பூசைக்குப் போகிற மாதா கோயிலில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். என்னை யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குப் பாட்டு வராது. அதனால் எப்போதும் இரண்டாம் குரல்தான். முதல் குரலுக்கு அடியில் ஓடுவது.

கோயிலில் கீபோர்டு வாசித்தவர்தான் அண்ணன். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவருடைய ஊர். ஒருநாள் பூசை முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, நீ இழுக்குத இழுப்பு கோயிலுக்குள்ள அடங்கலையே. எங்க படிச்ச?"

"பஸ்ஸுல அண்ணே."

அவர் சிரித்த சிரிப்பில் பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு ஓட்டல்களில் வாசிக்கிற வேலை இருந்தது. பாடகி ஊருக்குப் போய்விட்டாள் என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். ஆட்கள் பார்ப்பார்களே. அதற்கும் வழி சொன்னார். அந்த ஓட்டல் சாப்பாட்டு ஹாலின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஈச்ச மரம் உண்டு. அவர் முன்னால் கீபோர்டோடு உட்காருவார், நான் மரத்துக்குப் பின்னால் மைக்கோடு நிற்கலாம். வீட்டுக்காரர்தான் போகச் சொன்னார். "பாத்ரூம்ல நீ பாடுறப்போ கதவைத் தட்ட மனசு வராம எத்தனை நாள் டியூட்டிக்கு லேட்டா போயிருக்கேன். அங்க போயாவது பாடு."

அப்படித்தான் நான் பாடகி ஆனேன். வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டினேன், ஒருநாள் மதியம் ஈச்ச மரத்துக்குப் பின்னால் பாடினேன். அங்கே வழக்கமாக வரும் ஒரு அம்மா இருந்தார். ஆப்பிரிக்காவா அமெரிக்காவா தெரியாது. பெரிய உடம்பு, தலையில் மஞ்சள் துணி. நான் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தால் அவர் ஃபோர்க்கைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். என் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பரிசு என்றால் அதைத்தான் சொல்லுவேன்.

ஓட்டல் ஏசி தொண்டைக்கு எமன். காற்று நேராக என் மேலே இறங்கும். ஒருநாள் இரண்டாவது பாட்டிலேயே எனக்குக் குரல் போய்விட்டது. அண்ணன் வெறும் கீபோர்டை வைத்துச் சமாளித்தார். அடுத்த வாரம் அவர் ஒரு யோசனை சொன்னார். எல்லா பேண்டிலும் செய்வதுதானாம். நல்ல தொண்டையில் எல்லாப் பாட்டையும் பாடிப் பதிந்து வைத்துக்கொள்வது. தொண்டை கட்டிய நாளில் அதை ஓடவிட்டு வாயை அசைத்துக்கொள்ளலாம். "ஆத்திர அவசரத்துக்குத்தான் தங்கச்சி. வீட்டுல பாராசிட்டமால் வச்சுக்கிடுத மாதிரி."

பதிவு எங்கள் ரூமில் நடந்தது. பக்கத்து ரூம் டிவி சத்தம் வராத ஒரே இடம் அலமாரி. வீட்டுக்காரரின் சட்டைகளுக்கும் என் சேலைகளுக்கும் நடுவில் நின்றேன், பூச்சி உருண்டை வாசனையில். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் லேப்டாப்போடு அண்ணன் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுப்பார். பல வாரங்கள் நடந்தது.

அந்த இருட்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஈச்ச மர இடுக்கு வழியாகக்கூட ஒரு கண் இல்லை. நான் பாடியதிலேயே நன்றாகப் பாடியது அங்கேதான். மெதுவான பாட்டு ஒன்றில், உடைக்கிற இடம் வந்தபோது என்னையறியாமல் கை மேலே போய்விட்டது. ஒரு ஹேங்கர் கம்பியில் இடித்து 'டிங்' என்றது.

"திரும்ப எடுக்கலாமாண்ணே?" என்றேன் உள்ளேயிருந்து.

அண்ணன் குரல் ஒரு மாதிரி வந்தது. "வேண்டாம்மா. இந்த இழுப்பு இன்னொரு தடவை வராது. ஹேங்கர் இருந்துட்டுப் போகட்டும். அதுவும் தாளத்துலதான் விழுந்திருக்கு."

வெளியே வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது நடிப்பில்லை. இன்றைக்கும் அதை நான் அப்படித்தான் நம்புகிறேன். அதுதான் எனக்குப் பெரிய வலி.

அந்தக் கோடையில் ஊரில் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஸ்கூல் லீவோடு இன்னும் கொஞ்சம் லீவு சேர்த்துப் போனேன். அண்ணன் போனில் சொன்னார், "நீ அம்மாவைப் பாரு. இங்க ஒண்ணும் ஓடிப்போயிராது." திரும்பி வந்தபோது கோயில் வாசலில் பார்த்தார். முகம் தொங்கியிருந்தது.

"ஓட்டல்ல பேண்டே வேண்டாம்னுட்டான். எல்லாம் டிஜேதானாம். கலாஸ் தங்கச்சி, முடிஞ்சுபோச்சு."

நான்தான் அவரைத் தேற்றினேன். "போகட்டும்ண்ணே, கோயில் இருக்குல்லா." அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக, ஒவ்வொரு வாரமும் அவர் வாசித்தார், தூணுக்குப் பின்னால் நான் இரண்டாம் குரல் பாடினேன். பூசை முடிந்து அம்மா நடக்கிறார்களா என்று விசாரிப்பார். அலமாரியில் பாடியதை நான் மறந்தே போனேன்.

எங்கள் ஸ்கூலில் வருடக் கடைசியில் டிரைவர்களுக்கும் ஆயாக்களுக்கும் ஒரு ஓட்டலில் விருந்து வைப்பார்கள். இந்தமுறை கடலோரத்தில் பெரிய ஓட்டல். நான் வழக்கம்போல எல்லாருக்கும் முதுகைக் காட்டி, கிச்சன் கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். எங்கள் பஸ் டிரைவர், பெஷாவர்க்காரர், என்னை அக்கா என்ற அர்த்தத்தில் பாஜி என்பவர், இந்தியில் கேலி செய்துகொண்டிருந்தார். "என்ன பாஜி, வெறும் சாலட்? ஆட்டுக்காலை எனக்கு விட்டு வைக்கிறீங்களா?"

பின்னால் பாட்டு ஆரம்பித்தது. நல்லா இருக்கே என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வேறு யாரோ பாடுவதுபோலக் கேட்டு, இந்தப் பெண் சரியாக உடைக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நொடி, 'டிங்'.

என் வீட்டுக்காரரின் நீலச் சட்டை தொங்குகிற ஹேங்கர்.

திரும்பினேன். மேடையில் கீபோர்டு அண்ணன். அவருக்குப் பக்கத்தில், மினுமினுக்கும் கவுனில், முப்பது வயதிருக்கும் ஒரு பெண் மைக்கைப் பிடித்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினாள், கையை உயர்த்தினாள். அவள் வாயிலிருந்து நான் வந்துகொண்டிருந்தேன்.

"பாஜி, உடம்பு சரியில்லையா?" என்றார் டிரைவர். ஒன்றுமில்லை என்று எழுந்து வாஷ்ரூமுக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. பாட்டு நின்று இடைவேளை விட்டிருந்தார்கள் போல, அந்தப் பெண் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, போனில் என் குரலை மெதுவாக வைத்து, வாயசைத்துப் பழகினாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த இடத்துல மூச்சு எடுக்கக் கூடாது. முந்தின வரியிலேயே எடுத்துரணும்."

அவள் திரும்பினாள். "தமிழா அக்கா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" இலங்கைப் பேச்சு. கொழும்புக்காரி என்று பிறகு சொன்னாள்.

"இது யாரு பாடுனது?"

கதவைப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க. இதப் பாடின அக்கா செத்துப்போயிட்டா எண்டு கீபோர்டு அண்ணா சொன்னவர். கொரோனாவில. பாவம். நான் ஒவ்வொரு கிழமையும் அவவுக்கு ஒரு மன்றாட்டுச் சொல்லிப்போட்டுத்தான் மேடைக்குப் போறனான்."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடவில்லை.

"நான் சாகல," என்றேன். "அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சுது. லீவுல போயிருந்தேன்."

"சும்மா விளையாடாதீங்க அக்கா."

"விளையாடல."

"அப்ப பாடுங்க பாப்பம்."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரி பாடினேன். உடைகிற வரி. அவள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். சிலுவை போட்டாள். பிறகு கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடாத்தான் இருக்கு," என்றாள்.

அண்ணன் கிச்சனுக்குப் போகிற நடைபாதையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "யம்மா, நீ எங்க இங்க? சாப்ட்டியா?"

"நான் செத்துட்டேனாண்ணே?"

"மெதுவாப் பேசு."

"எப்ப செத்தேன்? சொன்னா எனக்கும் தெரியும்லா."

அவர் காபியை ஒரு டிராலிமேல் வைத்தார். "இந்த ஓட்டல் மேனேஜர் பதிவைக் கேட்டுட்டு போட்டோ கேட்டான். காட்டினேன். குரல் இருக்கட்டும், ஆள் வேற வேணும்னான். நீ ஊருல இருந்த. நான் என்ன செய்ய?"

"அதுக்குச் சாகடிக்கணுமா?"

"அது நான் நெனச்சுச் செஞ்சதில்ல தங்கச்சி. பழைய ஓட்டல்ல வருவாங்களே, மஞ்சத் துணி கட்டுன அம்மா, அவங்க ஒருநாள் இங்க சாப்பிட வந்துட்டாங்க. கேட்ட உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. மரத்துக்குப் பின்னால நின்ன பொண்ணு எங்கன்னு எல்லாரு முன்னாலயும் கேக்காங்க. மேனேஜர் பக்கத்துல நிக்கான். உயிரோட இருக்கான்னா கூட்டிட்டு வாம்பாங்க. செத்துட்டான்னு வாய்ல வந்துருச்சு. அவங்க உக்காந்து அழுதுட்டாங்க. மேனேஜருக்கும் கண்ணு கலங்கிருச்சு. அதுல இருந்து வாராவாரம் அந்தப் பாட்டுக்கு முன்னால சொல்லச் சொல்லுதான். சனத்துக்குப் பிடிச்சிருக்குன்னு."

"அந்த அம்மா இப்ப எங்க?"

"அவங்க நாட்டுக்கே போயிட்டாங்க."

இந்த உலகத்தில் எனக்காக ஃபோர்க்கைக் கீழே வைத்த ஒரு மனுஷி, நான் செத்துப்போனேன் என்று அழுதுவிட்டு எங்கோ போய்விட்டார். அவரிடம் போய் இல்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

"ஒவ்வொரு வாரமும் கோயில்ல என்னைப் பாத்தீங்களேண்ணே."

அவருக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம். "நீதான ஒளிஞ்சு நிக்கணும் நிக்கணும்ன. தூணு, மரம், அலமாரி. நான் ஒளிச்சு வச்சுட்டேன். இப்ப வந்து கேக்க." பிறகு உடனே இறங்கி வந்தார். கையைக் கூப்பினார். "மேனேஜர் நிக்கான். இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்கோ. இன்னைக்கு ஒருநாள் செத்தவளாவே இருந்துக்கோ தங்கச்சி. நாளைக்குப் பேசித் தீத்துக்கிடுவோம்."

ஒரு வெயிட்டர் "யல்லா, யல்லா" என்று வழிவிடச் சொல்லித் தட்டுகளோடு எங்கள் நடுவில் புகுந்து போனார்.

மறுபடி மேடை ஏறினார்கள். நான் சுவரோரம் நின்றேன். அண்ணன் மைக்கை எடுத்து, கீபோர்டு கட்டைகளைப் பார்த்தபடியே, இந்தப் பாட்டு இப்போது நம்மோடு இல்லாத எங்கள் சகோதரியின் நினைவுக்கு என்று இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார். தட்டினார்கள். பாட்டு ஓடியது.

அந்தக் கொழும்புப் பெண் மைக்கைத் தொடைப் பக்கம் இறக்கினாள். வாயை மூடிக்கொண்டாள். என்னையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் அசையவில்லை.

மேடையில் யார் வாயும் அசையாமல் என் பாட்டு போய்க்கொண்டிருந்தது. இப்போது ஹால் முழுக்கத் திரும்பும் என்று நினைத்தேன். யாரும் திரும்பவில்லை. இறால் உரித்தார்கள். பிள்ளைக்கு வாய் துடைத்தார்கள். எங்கள் டிரைவர் ஆட்டுக்காலோடு போராடிக்கொண்டிருந்தார். இழுத்தேன், வளைத்தேன், உடைத்தேன், ஹேங்கர் அடித்தது. ஒரு ஃபோர்க்கும் நிற்கவில்லை.

மேசைகளுக்கு நடுவே நடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, எல்லாரும் பார்க்கக்கூடிய வழியில். மேடையோரத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டி இருந்தது. எந்தக் கட்டை பாட்டுக்கானது என்று எனக்குத் தெரியும். கீழே இழுத்துவிட்டேன்.

எல்லா ஃபோர்க்கும் நின்றது.

அத்தனை முகங்கள். ஸ்கூல் யூனிஃபார்மில் நான். கொழும்புப் பெண் மைக்கை என் கையில் வைத்தாள். அண்ணன் மூச்சுவிடாமல் சொன்னார், "பாடு. பாடு தங்கச்சி, மானம் போகுது."

நான் இத்தனை வருடம் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் பாடினால் அவருக்காகப் பாடினதாக ஆகிவிடும். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "ஐ ஆம் நாட் டெட்."

சிரித்தார்கள். ஹால் முழுக்கச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். நிகழ்ச்சியில் இது ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள். அண்ணனும் பிடித்துக்கொண்டார். ஒரு நொடிதான் திகைத்தார், உடனே இரண்டு கையையும் கூரைக்கு உயர்த்தி, அற்புதம், அற்புதம் என்று கத்தினார். சிரிப்பு கூடியது. என் கைக்குப் பக்கமாகக் கை நீட்டிக் கட்டையை மேலே தள்ளினார். நான் மூடிய வாயோடு நிற்க, என் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஃபோர்க்குகள் வேலைக்குத் திரும்பின.

கொழும்புப் பெண் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். நானும் மைக்கை அண்ணனுடைய ஸ்டூலில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன். டிரைவர் கேட்டார், "பாஜி, நீங்க நடிப்பீங்களா? சொல்லவே இல்லையே."

வீட்டுக்காரர் அன்றே போலீசுக்குப் போகலாம் என்றார். என்னவென்று போவது? இவரே டீ போட்டுக் கொடுக்க, அலமாரிக்குள் நான் மனசாரப் பாடியது. அவர் நீலச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டு அந்த ஹேங்கரை இரண்டாக வளைத்தார். வேறு எதைச் செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த பூசைக்குப் போனேன். போகாமல் இருந்தால் செத்தவள் என்பது உறுதியாகிவிடும். தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. சனங்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன், அண்ணன் திரும்பினால் கண்ணில் படுகிற இடத்தில்.

காணிக்கைப் பாட்டு. இரண்டாம் குரல்தான் அதில் முதலில் நுழைய வேண்டும். அப்படித்தான் நாங்கள் பழக்கியிருந்தோம். அவர் முன்னிசை வாசித்து முடித்து எனக்காக இடம் விட்டார். கோயிலில் லேப்டாப் கிடையாது. அந்த இடம் வெறுமையாகப் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்னிசையை மறுபடி முதலிலிருந்து வாசித்தார், இன்னும் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையை இடித்து, "அக்கா, ஒங்க பாட்டுல்லா?" என்றாள்.

மூச்சை இழுத்தேன். சரியான இடத்தில்தான் இழுத்தேன், முந்தின வரியிலேயே. அவர் முகம் மலர்ந்தது. அந்த மூச்சை அப்படியே வாய் திறக்காமல் வெளியே விட்டேன்.